மீன் விழுந்தாதான் புயல்

ஒரு காட்டுல ஒரு சிங்கம் இருந்துச்சு. அதுக்கும் இந்தக் கதைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல. தரையில நடக்குறவங்களுக்கே முதல் மரியாதை கொடுத்துப் பழகிட்டோம், அதனால ஒரு வார்த்தை சொல்லி வெச்சேன். கதை மேல நடக்குது.

அந்தக் காட்டு ஆகாயத்துல போக்குவரத்து ஜாஸ்தி. காக்கா, கொக்கு, கிளிக்கூட்டம், வெளியூர்ல இருந்து வர்ற வாத்துங்கன்னு ஒரே நெரிசல். அதனால உசரமான இலவ மரத்து உச்சியில ஒரு கண்ட்ரோல் ரூம் வெச்சாங்க. அதுல தச்சமுத்துன்னு ஒரு மரங்கொத்தி உக்காந்திருப்பாரு. அவரு 'டொக்'னு ஒரு தட்டு தட்டினா கிளம்பலாம். 'டொக் டொக்'னு தட்டினா பாதை மூடியாச்சுன்னு அர்த்தம். அவரு பசிக்குப் பூச்சி புடிக்கத் தட்டும்போதும் யாராவது ஒருத்தன் கிளம்பிப் போயிடுவான். அது தனிக் கூத்து.

அதே மரத்துக்கு அடியில, வேருக்குள்ள ஒரு பொந்து. அதுதான் வானிலை ஆபீஸ். ஆபீசர் ஒரு உடும்பு. வானத்தைப் பத்திச் சொல்ற ஆளை எதுக்குய்யா மண்ணுக்குள்ள வெச்சிருக்கீங்கன்னு கேட்டா பதில் ரெடியா இருக்கும்: "வெளிய பாத்தா சொந்தக் கருத்து வந்துடும்."

அப்ப காத்து அடிக்குதா, இடி இடிக்குதான்னு அவருக்கு எப்படித் தெரியும்? மேல பறக்குறவங்க ரிப்போர்ட் சொல்லணும். அதையும் இஷ்டத்துக்குச் சொல்லிட முடியாது, விதி இருக்கு. பறக்கும்போது வாயில மீன் இருக்கணும். மீன் வாலாட்டினா லேசான குலுக்கல். மீன் நழுவினா மிதமான குலுக்கல். மீன் கீழ விழுந்துட்டா கடும் குலுக்கல். கடும் குலுக்கல்னு ரிப்போர்ட் வந்தாதான் உடும்பு அபாய எச்சரிக்கை விடுவாரு. எச்சரிக்கை வந்தாதான் தச்சமுத்து பாதையை மூடுவாரு. இந்த விதியை எழுதினது ஒரு மீன்கொத்தி. அது வேற என்னத்த எழுதும்?

ரிப்போர்ட் சொல்ற வேலைக்கு யாரைப் போட்டாங்க தெரியுமா? இருக்குறதுலயே பெரிய உருப்படியா பாத்து, கூழைக்கடா பெரியதம்பி ஐயாவைப் போட்டாங்க. கூழைக்கடாவைப் பாத்திருப்பீங்க. அலகுக்குக் கீழ மளிகைக்கடைப் பை மாதிரி ஒண்ணு தொங்கும். மீன் அந்தப் பைக்குள்ள கெடக்கும். பைக்குள்ள கெடக்குற மீன் எப்படிங்க விழும்? காடே தலைகீழா கவுந்தாலும் விழாது. இது யாருக்கும் தோணலையான்னு கேக்காதீங்க, தோணுச்சு. தோணினவங்களை எல்லாம் "நீ எத்தனை வருஷமா பறக்குற?"ன்னு கேட்டே உக்கார வெச்சுட்டாங்க.

ஆக, அந்தக் காட்டுல பாதையை மூடினதா சரித்திரமே கிடையாது. விபத்தும் கிடையாது. பறக்கப் போய்த் திரும்பாதவங்களுக்கு 'குடிபெயர்ந்தவர்கள்'னு பேரு.

இப்ப நம்ம ஆளு. ஒரு தேன்சிட்டு. உள்ளங்கையில வெச்சா வெச்சதே தெரியாது, ஆனா பேரு மரகதவல்லி. அன்னிக்கு அவளுக்கு நுழைவுத் தேர்வு. சென்டருக்கு மூணு விருப்பம் கேட்டாங்க. மூணுமே பக்கத்து மரமா எழுதிக் கொடுத்தா. மலைக்கு அந்தப் பக்கம் போட்டாங்க. போகணும்னா கணவாயைத் தாண்டணும். கணவாய் மேல கறுப்பா, ஊதிப்போன காட்டெருமை மாதிரி, ஒரு மேகம் குந்திக்கிட்டிருக்கு. உள்ள மின்னல் வேற.

இதுல ஒரு விதி அவளுக்குச் சாதகமா இருந்துச்சு. பாதையை மூடிட்டா, இந்தப் பக்கத்துப் பசங்களுக்குத் தேர்வை வேற நாள் வெப்பாங்க. மூடலைன்னா, வராதவ வராதவதான். அடுத்த வருஷம் எழுதிக்கலாமேம்பீங்க. தேன்சிட்டுக்கு அடுத்த வருஷம்ங்கிறது உத்தரவாதம் இல்லாத சரக்கு.

நேரா கண்ட்ரோல் ரூமுக்குப் போனா.

"அண்ணே, பாதையை மூடுங்க."

"எதுக்கு?" தச்சமுத்து திரும்பிக்கூடப் பாக்கல.

"எதுக்கா? திரும்பிப் பாருங்கண்ணே, உங்க முதுகுக்குப் பின்னாடி நிக்குது!"

"நான் பாக்கக் கூடாதும்மா. எனக்குச் சொல்லணும். வானிலை ஆபீஸ் என்ன சொல்லியிருக்கு? லேசான குலுக்கல்."

அந்த நேரம் பாத்து பெரியதம்பி ஐயா கணவாய்ப் பக்கம் இருந்து வந்து இறங்கினாரு. இறங்கினாருன்னு மரியாதைக்குச் சொல்றேன். வந்து விழுந்தாரு. பாதி இறகைக் காணோம். கழுத்துல ஒரு பனை ஓலை சுத்தியிருந்துச்சு. அந்தக் காட்டுல பனை மரமே கிடையாது.

"ஐயா, மேல எப்படி?"ன்னாரு தச்சமுத்து.

"லேசான குலுக்கல்"னு சொல்லிட்டு ஐயா மயங்கி விழுந்தாரு.

"கேட்டியாம்மா? அவருக்கே லேசாத்தான் இருந்திருக்கு."

மரகதவல்லிக்கு வந்துச்சே கோவம். "அவரு மூட்டை சைஸு, நான் மொளகா சைஸு! அவருக்கு லேசுன்னா எனக்கும் லேசா? இருங்க, நானே போய்ப் பாத்துட்டு வந்து ரிப்போர்ட் சொல்றேன்." விர்ருன்னு கிளம்பிட்டா.

கணவாய் வாசல் வரைக்கும் போனது அவளுக்கு ஞாபகம் இருக்கு. அப்புறம் வானம் காலுக்குக் கீழ வந்துச்சு, காடு தலைக்கு மேல போச்சு, நடுவுல ஒரு தவளை அவளைத் தாண்டிப் பறந்து போச்சு. தவளையும் பதறிப்போய்த்தான் இருந்துச்சு. கடைசியில ஒரு காத்து அவளைப் பந்து மாதிரி உதைச்சு, கிளம்பின அதே கிளையில கொண்டு வந்து ஒட்ட வெச்சுது. வால்ல ஒரே ஒரு இறகு மிச்சம்.

"கடும் குலுக்கல்!" மூச்சு வாங்கிக்கிட்டே கத்தினா. "எழுதிக்கோங்க! எனக்கு உசுரே போயிட்டு வந்துச்சு!"

"மீன் போச்சா?"

"என்னது?"

"உசுரு போறது விதியில இல்லம்மா. மீன் போச்சா?"

"நான் தேன் குடிக்கிற ஜாதிண்ணே! மீன் என்னைத் தூக்குமா, நான் மீனைத் தூக்குவேனா?"

"அப்ப உனக்குக் குலுக்கலே இல்லன்னுதான் எடுத்துக்க முடியும்." தச்சமுத்து குரலைத் தணிச்சுக்கிட்டாரு. "பாப்பா, எனக்கும் மேகம் தெரியாம இல்ல. சத்தம் காதுல விழுது, முதுகு நனையுது. ஆனா மீன் விழாம நான் மூடினேன்னு வை, நாளைக்கு இந்தக் கிளையில வேற மரங்கொத்தி இருக்கும்."

கீழ உடும்புகிட்டயும் போய்க் கத்திப் பாத்தா. "பொந்துக்குள்ள தண்ணி வருதே, அது என்ன சார்?"ன்னு கேட்டா. "அது நிலத்தடி நீர். வேற துறை"ன்னாரு.

அதுக்குள்ள பெரியதம்பி ஐயா மயக்கம் தெளிஞ்சு எழுந்துட்டாரு. அடுத்த ரிப்போர்ட்டுக்கு மறுபடி மேல போகணும். கழுத்துல சுத்தின ஓலையை உருவிப் போட்டாரு. மரகதவல்லி அவரு பக்கத்துல போனா.

"ஐயா, உண்மையைச் சொல்லுங்க. பயமா இல்லையா உங்களுக்கு?"

"பயமான்னு நான் எப்படிம்மா சொல்றது? மீன் வாலைத்தானே ஆட்டுது."

மரகதவல்லி யோசிச்சா. பாதையை மூட மாட்டாங்க, தனியா போகவும் முடியாது. "ஐயா, உங்க பைக்குள்ள என்னையும் போட்டுக்கோங்க. கணவாயைத் தாண்டி இறக்கி விட்டுருங்க."

"ஏத்திக்கிறேன். தெரியாம முழுங்கிட்டா திட்டக் கூடாது."

"முழுங்கினீங்கன்னா உள்ள இருந்து திட்டுவேன்."

பைக்குள்ள ஒரே இருட்டு. கவிச்சி நாத்தம். கணுக்கால் அளவுக்குத் தண்ணி.

"காலை எடு. என் கண்ணு மேல நிக்குற"ன்னு ஒரு குரல்.

அதுதான் அந்த மீன். ஒரு கிழட்டுக் கெண்டை. தினமும் வேற வேற மீன்னு நெனச்சிருந்தா இவ. இல்ல, எப்பவும் இதே மீன்தான். "என்னைத் திங்கக் கூடாதுன்னு உத்தரவு"ன்னு கெண்டை பெருமையும் சலிப்புமா சொல்லுச்சு. "நான் அளவுகோலும்மா. இந்தக் காட்டு வானிலையே என் வால்லதான் இருக்கு. வாந்தி வந்தாக்கூட எடுக்க மாட்டேன், அதுக்கு விதியில இடம் இல்ல."

அதுக்குள்ள கணவாய் வந்துடுச்சு. பை மேல போகுது, கீழ வருது, முறுக்குது, பிழியுது. தேன்சிட்டு கெண்டை மேல விழுது, கெண்டை தேன்சிட்டு மேல விழுது.

"அண்ணே! நீங்க வெளிய குதிச்சிருந்தா பாதையை மூடி, என் தேர்வைத் தள்ளி வெச்சிருப்பாங்களே! ஒரு தடவையாவது குதிக்கக் கூடாதா?"

"குதிச்சா? கீழ பூரா பாறை. விழுந்தா கருவாடு. பெரியதம்பி தினமும் சொல்வாரே."

அலகு இடுக்கு வழியா மரகதவல்லி எட்டிப் பாத்தா. "பாறையா? யாரு சொன்னது? கீழ ஆறு ஓடுதுண்ணே! அகலமா, கலங்கலா, பொங்கிக்கிட்டு ஓடுது!"

கெண்டை வாலாட்டுறதை நிறுத்திடுச்சு. அப்புறம் "ஆறா?"ன்னுச்சு. இன்னொரு தடவை, வேற குரல்ல, "ஆறா?"ன்னுச்சு. "அந்தக் கெழவன் வாயைத் திறக்கட்டும்."

அவரு வாயைத் திறக்குறது ரிப்போர்ட் சொல்லத்தானே? திறந்தாரு. "லேசா..."ன்னு ஆரம்பிச்சாரு. "நல்லா எழுதும்மா!"ன்னு கத்திக்கிட்டே கெண்டை ஒரே தாவு. வெள்ளி மாதிரி மின்னிக்கிட்டு மழைக்குள்ள போயே போச்சு.

"...சான... மீன்! ஐயோ மீன் போச்சு! கடும் குலுக்கல்! கடும்!" பெரியதம்பி ஐயா அலறின அலறல்ல இடியே ஒரு நிமிஷம் நின்னு கேட்டுச்சு. "அடப்பாவிகளா, பயமா இருக்கே! இத்தனை வருஷமா எனக்குப் பயமாத்தான் இருந்துச்சா? யாராவது காப்பாத்துங்களேன்! அம்மா!"

அந்தச் சத்தம் இலவ மரம் வரைக்கும் கேட்டுச்சு. உடும்பு அபாய எச்சரிக்கை விட்டாரு: கணவாய்ப் பாதை சாயங்காலம் வரை மூடல். தச்சமுத்து சந்தோஷத்துல 'டொக் டொக்'னு தட்டின தட்டுல மரத்துக்கே ஓட்டை விழுந்துச்சு. இந்தப் பக்கத்துப் பசங்க எல்லாம், மைனா, வாலாட்டி, புல்புல், தேர்வு தள்ளிப் போச்சுன்னு கும்மாளம் போட்டாங்க.

அதே நேரம் புயல் அந்தக் கூழைக்கடாவை நாவப்பழக் கொட்டை மாதிரி மலைக்கு அந்தப் பக்கம் துப்பிட்டுக் கலைஞ்சு போச்சு. வெயில் சுள்ளுன்னு அடிக்குது. வானம் துடைச்சு வெச்ச மாதிரி நீலம். அந்த நீலத்துக்குக் கீழ காட்டுப் பறவை பூராவும் அபாயத்துக்குப் பயந்து இறக்கையை மடக்கிக்கிட்டு உக்காந்திருக்கு. எச்சரிக்கைதான் சாயங்காலம் வரைக்கும் இருக்கே.

ஐயா இறக்கி விட்ட இடம் தேர்வு மையத்து வாசல். காவலுக்கு ஒரு கீரி.

"எங்கிருந்து வர்ற?"

"கணவாய்க்கு அந்தப் பக்கம் சார்."

"கணவாய் மூடியாச்சு. அந்தப் பக்கத்துப் பசங்களுக்குத் தேர்வு வேற நாள்."

"சரி, அப்ப நானும் வேற நாளே எழுதிக்கிறேன்."

"அது வர முடியாதவங்களுக்கு. நீதான் வந்துட்டியே."

"அப்ப இன்னிக்கே எழுதுறேன், விடுங்க."

"எப்படி விடுறது? பாதை மூடியிருக்கும்போது நீ வந்திருக்கவே முடியாது."

"சார்! உங்க மூக்குக்கு முன்னாடி நிக்கிறேன்!"

"நிக்கிறது தெரியுது. வந்ததுதான் தெரியல."

மரகதவல்லி விடல. புயலைச் சொன்னா, இடியைச் சொன்னா, பறந்து போன தவளையைக்கூடச் சொன்னா. ஒத்தை வால் இறகைத் தூக்கிக் காட்டினா. அவ பட்ட கஷ்டத்தை ஒண்ணொண்ணாச் சொல்லச் சொல்ல, கீரி கதவை விரல் விரலா மூடிக்கிட்டே வந்துச்சு. "இவ்வளவு நடந்திருந்தா நீ செத்திருக்கணுமே"ன்னு சந்தேகமா வேற பாத்துச்சு. உள்ள மணி அடிக்கப் போறாங்க.

சட்டுன்னு நிறுத்திட்டா. மூச்சை இழுத்து விட்டா. நனைஞ்ச இறகைக் கோதி விட்டுக்கிட்டா.

"சார், நான் வரல."

"வரலையா?"

"எங்கிருந்தும் வரல. நான் இங்கதான் இருக்கேன்."

"எப்ப இருந்து?"

"எப்பவுமே."

கீரி முகம் மலர்ந்து போச்சு. "அட, உள்ளூர்ப் பிள்ளையா? இதை முதல்லயே சொல்ல வேண்டாமா? வெயில்ல நிக்க வெச்சுட்டேனே! உள்ள போம்மா, நிழலா பாத்து முன்னாடிக் கிளையில உக்காரு. ஏய், பாப்பாவுக்கு ஒரு பூ கொண்டாங்கப்பா!"

பின்னாடியே பெரியதம்பி ஐயா நொண்டிக்கிட்டு வந்தாரு. வயசான காலத்துல பொய் சொல்ல வேண்டாம்னு நெனச்சாரு போல. "தம்பி, புயல்ல அடிபட்டு வந்தேன், ஒரு வாய் தண்ணி கொடு"ன்னாரு. "கணவாய் மூடியிருக்குய்யா, கதை விடாத"ன்னு கீரி அவரை வெளிய தள்ளிக் கதவைச் சாத்திடுச்சு.

மரகதவல்லி தேர்வை எழுதினா. சீட்டும் கிடைச்சுது, உள்ளூர்க்காரங்களுக்கு ஒதுக்கின சீட்டு. பாராட்டு விழாவுல கீரிதான் மாலை போட்டுப் பேசுச்சு: "நம்ம மண்ணைத் தாண்டி ஒரு அடி எடுத்து வெக்காத பிள்ளை!" எல்லாரும் கை தட்டினாங்க. அவளும் தட்டினா.

நீதி: அடிபட்டு மிதிபட்டு வந்து சேர்ந்தேன்னு எந்த வாசல்லயும் உண்மையைச் சொல்லாதீங்க, தண்ணிகூடக் கிடைக்காது. பொறந்ததுல இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன்னு கூசாம சொல்லுங்க, நாற்காலி போட்டு விசிறி விடுவாங்க.