செவ்வாய்க்கிழமை நின்ற உலக்கை

அரியலூர்
6.3.2026

திருமழபாடியில் இருக்கும் மதிப்பிற்குரிய மச்சான் சிங்காரவேலு அவர்களுக்கு, மாப்பிள்ளை முத்துசாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை சிந்தாமணி, பிள்ளைகள், மாடியில் காயும் வடகம் எல்லாம் நலம். அங்கே அக்காவும் நீங்களும் கொள்ளிடக் காற்றும் நலம்தானே? போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் நான் யாரோடு போன் பேசினாலும் அது சிந்தாமணியோடும் சேர்த்துப் பேசியதாகிவிடும். ஆகவே இந்தக் கடிதம். படித்ததும் கிழித்துவிடவும்.

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். போன மாதம் நீங்கள் வந்திருந்தபோது என் கால் கட்டைவிரலில் இருந்த கட்டைப் பார்த்து விசாரித்தீர்கள். பைக் ஸ்டாண்டு பட்டுவிட்டது என்றேன். பாவம், நீங்களும் நம்பி சாத்துக்குடி வாங்கிக் கொடுத்தீர்கள். பட்டது பைக் ஸ்டாண்டு இல்லை மச்சான். எங்கள் கல்யாணத்துக்கு உங்கள் வீட்டுச் சீராக வந்த உலக்கை. தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி அதை நட்டுக்குத்தாக நிறுத்தப் போனேன், அது நேராக என் விரலைத் தேடி வந்தது. கிரகணத்தன்று உலக்கையை நிறுத்திப் பார்க்கிறவர்களை இருபத்தாறு வருஷமாக வகுப்பில் கேலி செய்து சம்பளம் வாங்கிய அறிவியல் வாத்தியார் நான்.

விஷயம் இப்படி ஆரம்பித்தது. ஏழாம் வகுப்புக்கு வளர்பிறை, தேய்பிறை, கிரகணம் பாடம். பாடாலூரிலிருந்து உள்ளே போகும் ரோட்டில் இருக்கிற எங்கள் பள்ளியில் பூமிக்கு உலக உருண்டை இருக்கிறது, சூரியனுக்கு டார்ச் இருக்கிறது, நிலாவுக்கு வைத்திருந்த பந்து மட்டும் முதல் நாள்தான் கிணற்றுக்குள் போயிருந்தது. என்ன செய்வது என்று யோசித்தபடி வழுக்கைத் தலையைத் தடவினேன். முதல் பெஞ்சில் இருக்கும் அபிநயா என்ற பெண், "சார், ஒங்க தலைய வச்சே பாத்துரலாம் சார்" என்றாள். கேலி இல்லை, நிஜமான அக்கறை. அப்புறம் என்ன, அபிநயா பூமியாக நடுவில் நின்றாள், தமிழ்மாறன் சூரியனாக டார்ச் அடித்தான், நான் குனிந்த தலையோடு அவளைச் சுற்றி வந்தேன். காதோரம் வெளிச்சம் பட்டால் மூன்றாம் பிறை. எதிர்ப்பக்கம் போனால் பௌர்ணமி. அப்போது வகுப்புக்கே கண் கூசிற்றாம். டார்ச்சுக்கும் அபிநயாவுக்கும் நடுவில் வந்தால் அமாவாசை. சந்திர கிரகணம் பௌர்ணமியில்தான் வரும், சூரிய கிரகணம் அமாவாசையில்தான் வரும், ஒன்று வந்தால் முன்னேயோ பின்னேயோ இரண்டு வாரத்தில் மற்றதும் எட்டிப் பார்க்கும் என்று என் கையாலேயே போர்டில் எழுதினேன். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள். நான் போர்டை அழித்துவிட்டேன்.

மார்ச் மூன்றாம் தேதி சாயங்காலம் நிலா கிளம்பும்போதே கிரகணத்தோடு கிளம்பும், ஆறே முக்கால் வரை தெரியும், எல்லோரும் பள்ளி மைதானத்தில் நின்று பார்க்கலாம் என்று அறிவித்தேன். முப்பத்தொரு பிள்ளைகளும் துள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாள் முப்பத்தொன்றும் தொங்கிய முகத்தோடு வந்தன. கிரகண நேரத்தில் பிள்ளைகளை வெளியே விடமாட்டோம் என்று ஊரில் முடிவாகிவிட்டது. முடிவு செய்தது பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவி காத்தாயி, அபிநயாவின் அம்மா. நூறு நாள் வேலையில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குகிற குரல். குழுக் கூட்டத்தில் நான் அரை மணி நேரம் நிழல், ஒளி என்று விளக்கினேன். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"எல்லாம் சரிங்க சார். கெரகணத்தன்னைக்கு மட்டும் ஒலக்க தன்னால நிக்குதே, அது எப்புடி?"

"எந்த நாளும் நிக்கும்மா. அடிப்பக்கம் தட்டையா இருந்தா நிக்கத்தான் செய்யும்."

"அப்ப ஒரு சாதாரண நாளுல நிக்க வச்சுக் காட்டுங்க. நின்னா புள்ளைங்கள அனுப்புறோம். நிக்கலன்னா அன்னைக்கு நீங்களும் வூட்டுக்குள்ளயே இருங்க."

சரி என்று சொல்லிவிட்டேன் மச்சான். வாய்தான் சொன்னது. அபிநயா வாசலில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பிறந்ததிலிருந்து ஒரு கிரகணமும் பார்த்ததில்லையாம், ஒவ்வொரு தடவையும் ஜன்னலைச் சாத்திவிடுவார்களாம்.

அந்த ஊரில் உலக்கை தேடினால் இப்போதெல்லாம் எல்லா வீட்டிலும் மிக்சிதான் இருக்கிறது. ஆகவே சிந்தாமணி கோயிலுக்குப் போன நேரம் பார்த்து உங்கள் உலக்கையைக் கடத்தினேன். அரியலூரிலிருந்து பெரம்பலூர் வரை பஸ்ஸில் ஒரே நெரிசல். கண்டக்டர் என்னையும் உலக்கையையும் மாறி மாறிப் பார்த்து, "யார் வூட்டுச் சண்டைக்கு சார் போறீங்க?" என்றார். அந்தக் கூட்டத்தில் உலக்கை யாரும் பிடிக்காமலேயே ஒரு மணி நேரம் ஜம்மென்று நின்று வந்தது. காத்தாயியை அந்த பஸ்ஸிலேயே ஏற்றியிருந்தால் என் விரல் பிழைத்திருக்கும்.

பள்ளியில் அது நிற்கவில்லை. வியாழக்கிழமை நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை நிற்காததோடு விரலையும் பதம் பார்த்து, அடியில் இருந்த இரும்புப் பூண் வேறு கழன்று ஆடியது. தாம்பாளத்தை மாற்றினேன், தண்ணீரைக் குறைத்தேன், மூச்சை அடக்கினேன். உங்கள் தங்கை ஒவ்வொரு கிரகணத்துக்கும் ஒரே கையால் தட்டென்று நிறுத்திவிட்டு சீரியல் பார்க்கப் போய்விடுவாள். அவளிடம் போய் எப்படி என்று கேட்க முடியுமா? கேட்டால் இருபத்தாறு வருஷ வாதம் என்ன ஆவது? காத்தாயியிடம் நாள் கடத்தினேன். சிவராத்திரி என்றேன், விரல் என்றேன். கடைசியில் அந்தம்மாவே நாள் குறித்தார். செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி பதினேழு, சாயங்காலம் நாலு மணி. அன்றைக்கு அமாவாசை, வயலில் வேலை கிடையாது, ஊரே வந்து பார்க்கும் என்றார்.

ஊரே வந்தது. மைதானத்தின் நடுவில் தாம்பாளம், நடுவில் நான். முதல் தடவை விழுந்தது. இரண்டாவது தடவை விழுந்தபோது பின்னாலிருந்து யாரோ, சாருக்கு இன்னொரு விரலும் போகப்போகுது என்று சிரித்தார்கள். அபிநயா மட்டும் சிரிக்கவில்லை. நாலு பத்துக்கு மூன்றாவது தடவை. கையை எடுத்தேன். நின்றது. மச்சான், சத்தியமாக நின்றது. ராணுவக்காரன் மாதிரி நின்றது. காத்தாயி அதைச் சுற்றி வந்தார். மேலே கயிறு கட்டியிருக்கிறதா என்று கையை வீசிப் பார்த்தார். குனிந்து ஊதினார். அசையவில்லை. நான் ஏதோ வீர உரை ஆற்ற வாயைத் திறந்தேன். அந்தம்மா, "போதும் சார், சொன்னது சொன்னதுதான். புள்ளைங்க வரும்" என்று சேலையை உதறிக்கொண்டு நடந்தார்.

மூன்றாம் தேதி முப்பத்தொன்றும் வந்தன. ஆறரைக்கு வயலுக்கு மேலே, கல் குவாரித் தூசிக்கு நடுவில், ஒரு பக்கம் கடித்துவிட்டுத் தட்டிலேயே வைத்த இட்லி மாதிரி நிலா வந்தது. அந்தக் கடி வளைவாக இருப்பது பூமி உருண்டையாக இருப்பதால்தான் என்று அபிநயா எல்லோருக்கும் விளக்கினாள். நான் சொல்லிக்கொடுத்ததைவிட நன்றாகவே சொன்னாள். காத்தாயி மூக்கு வரை முந்தானையை இழுத்துக்கொண்டு பின்னால் நின்றிருந்தார். கிரகணம் முடிவதற்குள் சுண்டல் கொடுத்தேன். வாங்கினார், நிலாவை ஒரு தடவை பார்த்தார், ஒன்றை வாயில் போட்டார், உப்பு பத்தவில்லை என்றார். சர்வீஸில் இப்படி ஒரு பாராட்டு எனக்குக் கிடைத்ததில்லை.

ஆகவே மச்சான், அறிவியல் ஜெயித்தது, உலக்கை திரும்ப வந்துவிட்டது, பூண் மட்டும் ஆடுகிறது. அடுத்த தடவை வரும்போது உங்கள் ஊர்க் கொல்லரிடம் ஒரு பூண் வாங்கி வேட்டி மடிப்பில் மறைத்துக் கொண்டுவரவும். அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள். மழபாடி ஈசன் உங்கள் குடும்பத்துக்கு நீண்ட ஆயுளும், என் ரகசியத்துக்கு நீண்ட காவலும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மாப்பிள்ளை
மு. முத்துசாமி

பி.கு.: பள்ளியில் வைத்து கடிதத்தை ஒட்டப்போகும் நேரம் அபிநயா ஒரு நாள்காட்டியோடு வந்தாள். இதற்கு சார் என்ன சொல்கிறார் என்று அவள் அம்மா கேட்டுவரச் சொன்னாராம். பின் அட்டையில் போட்டிருக்கிறது: பிப்ரவரி 17, செவ்வாய், அமாவாசை, சூரிய கிரகணம், மாலை 3.26 முதல் இரவு 7.57 வரை, இந்தியாவில் தெரியாது. உலக்கையை அதற்குப் பிறகு பதினெட்டு தடவை நிறுத்திப் பார்த்துவிட்டேன். ஒரு தடவைகூட நிற்கவில்லை.