டீ, கார், பன்

ராஜபாளையம்
11.7.89

பாசமுள்ள நாச்சியார் அக்காவுக்கு,

தம்பி காளிராஜ் இரு கை கூப்பி எழுதுவது. கையில் கிரீஸ் இருந்ததால் கூப்பியது ஒட்டிக்கொண்டது, பிரித்துவிட்டு மேற்கொண்டு எழுதுகிறேன். இங்கு அப்பா, அம்மா, நான், கார் ஆகிய நால்வரும் சுகம். ஜாம்ஷெட்பூரில் நீயும் அத்தானும் அவ்வண்ணமே இருப்பீர்களாக.

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், கடந்த ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி பத்து நிமிடத்துக்கு, நமது வீட்டு அம்பாசிடர் கார், ஒருமுறைகூட இருமாமல், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வந்து சேர்ந்தது. தெரு நாய்கள் எழுந்து நின்று மரியாதை செய்தன. இதெல்லாம் ஒரு சேதியா என்று கேட்பாய். நீ கல்யாணமாகிப் போன பிறகு அந்த வண்டி இருமாமல் வந்த முதல் நாள் அதுதான்.

அம்மா இதையெல்லாம் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். பத்து மாதமாக வண்டிக்கு உடம்பு சரியில்லை. கிளப்பினால் கறுப்புப் புகை. எதிர்வீட்டு ஜெயபாய் டீச்சர் காயப்போட்ட வெள்ளைச் சேலை மாலைக்குள் சாம்பல் சேலையாகிவிடும். மேடு வந்தால் நின்று யோசிக்கும். அப்பா ஹெட்மாஸ்டர் அல்லவா, தன் கார் திக்கித் திணறுவதைப் பார்த்துப் பள்ளிக்கூடத்துப் பையன்கள் சிரிப்பது அவருக்குப் பொறுக்கவில்லை. போன மாதம் மகாராஜபுரத்து முத்துராமலிங்கம் அண்ணாச்சி விலைக்குக் கேட்டு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்து, பின் சீட்டைத் தட்டி, "இதக் கழட்டிட்டா எட்டு மூட்டை தேங்கா ஏத்தலாம் சார்" என்றார். அக்கா, அந்தப் பின் சீட்டை! பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் போகும்போது நீ பேனாவை உதறி உண்டாக்கிய நீலத் தீவு அதில்தான் இருக்கிறது, அந்தமான் என்று பெயர் வைத்தோமே. ஆடித் தேர் பார்த்துவிட்டுத் திரும்பும்போது பால்கோவாப் பொட்டலத்தின் மேல் நான் உட்கார்ந்த இடம் அந்தமானுக்குப் பக்கத்தில். "ஏலே, ஒன்னய எறும்பு தூக்கிட்டுப் போகப் போவுது" என்று நீ சொன்னதை நம்பி, வீடு வரும்வரை நின்றுகொண்டே வந்தவன் நான். நீ ரயிலேறிய அன்று வண்டியில் மறந்துவிட்டுப் போனாயே, சீப்பும் ரிப்பனும் வைத்த மஞ்சள் பை, அதைக்கூட முன்பக்கம் சோக்காக மாட்டி வைத்திருக்கிறேன். இன்றும் அது ஆடிக்கொண்டுதான் வருகிறது. இந்த லட்சணத்தில் நீ, 'ஆடித் தேருக்கு வாரேன், ஸ்டேஷனுக்கு நம்ம காரையே கொண்டுவரச் சொல்' என்று எழுதிவிட்டாய். அப்பா அந்த வரியை இரண்டு தரம் வாசித்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஸ்ரீவில்லிபுத்தூர் ஐயாதுரைட்ட ஒரு தடவ காட்டுவோம். திரும்பி வரும்போது ஒரு இருமல் இருமிச்சு, அன்னைக்கே அண்ணாச்சிட்ட குடுத்துருவேன்" என்றார்.

ஆக, சனிக்கிழமை காலை ஐயாதுரை அண்ணனின் ஒர்க்‌ஷாப்பில் அப்பா, நான், கார் மூவரும் ஆஜர். அவர் பானெட்டைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, "ஹெட்டை எறக்கணும் சார்" என்றார். ஹெட்மாஸ்டரான நம் அப்பா ஓர் அடி பின்வாங்கினார். எஞ்சினின் மேல்மூடிக்கு ஹெட் என்று பெயராம். "எறக்கிட்டு டீகார்பன் பண்ணணும்" என்றார் அடுத்து. நான் சிட்டாகப் பறந்துபோய், தூக்குவாளியில் டீயும் ஆளுக்கொரு பன்னுமாக வந்து நின்றேன்.

"என்னலே இது?" என்றார் ஐயாதுரை அண்ணன்.

"டீ, கார், பன்! கார் ஏற்கெனவே இங்க நிக்கு. மத்த ரெண்டையும் கொண்டாந்துட்டேன்."

ஒர்க்‌ஷாப்பே உருண்டு சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்காமல் பன்னைத் தின்றார். உள்ளே படிந்த கரியைச் சுரண்டி எடுப்பதற்குப் பெயர்தான் டீகார்பன் என்பது எனக்குத் தெரியாதா என்ன? சமயத்துக்கு இப்படி ஒரு சிலேடை உன் தம்பி ஒருவனுக்குத்தான் வரும் என்பதை அத்தானிடம் சொல்.

ஹெட்டைக் கழற்றிக் கவிழ்த்ததும் பார்த்தேன். எஞ்சின் மூச்சு இழுக்கும் வழியில் காளான் மாதிரி நான்கு வால்வு. ஒவ்வொன்றின் கழுத்திலும் வடைச்சட்டியின் அடி போலக் கரி அப்பியிருந்தது. "எம்புட்டுக் கரி பாருங்க சார்!" என்றார் ஐயாதுரை அண்ணன். "கரி இருக்கு, சோறு மட்டும் ஆக்கிட்டா விருந்துதான்" என்றேன். அப்பா பார்த்த பார்வையில் இன்னும் கொஞ்சம் கரி படிந்தது. "வண்டி தேவைக்கு மேல பெட்ரோலக் குடிச்சிருக்கு. எப்படின்னுதான் வெளங்கல" என்று ஐயாதுரை அண்ணன் தலையைச் சொறிந்தார். அப்பா முப்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை, வண்டிக்குச் சடைவு வந்து குடிக்கு அடிமையாகிவிட்டது என்று நான்தான் விளக்கம் கொடுத்தேன். பிறகு சட்டையைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தேன் பார். நான்கு வால்வையும் மண்ணெண்ணெயில் ஊறப்போட்டு, பிளேடால் சுரண்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சத்திரப்பட்டி பேண்டேஜ் துணியால் துடைத்து, பசையைத் தடவி, குச்சியில் ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத் தயிர் கடைவது போலக் கடைந்து, கண்ணாடி மாதிரி ஆக்கியது சாட்சாத் இந்தக் காளிராஜ் ஒருவனே. அப்பா ஸ்டூலில் உட்கார்ந்து பேப்பர் படித்தார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை புறப்பட்டோம். கோபுரம் பின்கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே வந்தது. அப்பா டாப் கியரைப் போட்டார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். இருமல் இல்லை. பாதி வழியில் அப்பா ரோட்டைப் பார்த்தபடியே, "ஒங்க அக்கா இருந்தா இந்நேரம் எதிர்ல வார லாரிக்கெல்லாம் கைகாட்டியிருப்பா" என்றார். நான் எட்டி ஒரு லாரிக்குக் கைகாட்டினேன். லாரிக்காரர் ஹாரன் அடித்தார். வீட்டு வாசலில் அண்ணாச்சி காத்திருந்தார். "வண்டி குடுக்கிறதா இல்ல அண்ணாச்சி. எம் மக வாரா" என்று சொல்லிவிட்டு அப்பா உள்ளே போய்விட்டார்.

அத்தானுக்கு என் பணிவான வணக்கம். ஆண்டாள் உங்கள் இருவரையும் வழியில் எங்கும் நிற்காமல், தள்ளாமல், சௌக்கியமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
காரைக் காத்த கரிக்கையன்,
உன் தம்பி காளிராஜ்

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போனால் நாக்கில் எச்சில் வரவில்லை. எழுதிய பொய் அம்புட்டு. டீ, கார், பன் என்பது சிலேடை இல்லை, ஐயாதுரை அண்ணன் நிஜமாகவே டீயும் பன்னும் கேட்கிறார் என்றுதான் ஓடினேன். வால்வு நான் சுரண்டியது ஒன்றே ஒன்று, அதிலும் கீறல் விழுந்தது. மற்ற மூன்றையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்பாதான் சுரண்டினார். பேப்பர் படித்தது நான். கடைசியில் வண்டியைக் கிளப்பிப் பார்க்க உட்கார்ந்த ஐயாதுரை அண்ணன் உன் மஞ்சள் பையைக் கண்டுவிட்டார். "ஏலே, இது சோக்கு! காலைல வண்டி கெளம்ப மட்டும் இழுத்து விடுற குமிழு. இத இழுத்தே வச்சிருந்தா வண்டி பெட்ரோலக் குடிக்காம மோரையா குடிக்கும்?" குமிழை வெளியே இழுத்தால்தானே பை மாட்டக் கழுத்து கிடைக்கும்? சோக்காக இருக்கட்டும் என்று நான் மாட்டியது சோக்கிலேயே. பத்து மாதக் கரியும் என் கைங்கரியம். அப்பா பையைக் கழற்றினார், குமிழை உள்ளே தள்ளினார், "அவ பைய அவளே வந்து எடுத்துக்கிடட்டும்" என்று ஜன்னல் கைப்பிடியில் அவரே மாட்டினார். வந்து எடுத்துக்கொள் அக்கா. ஆனால் தேர் முடிந்து திரும்பிப் போகும்போது மறுபடியும் மறந்துவிட்டுப் போ.