எந்தக் குளவி?

மாயவனின் இடது கண் வீங்கி மூடிவிட்டது. வலது கண்ணும் அதே யோசனையில் இருந்தது. தக்காளிக் காட்டில் ஒரே ஒரு குளவிதான் கொட்டியது. அதற்குள் உடம்பெல்லாம் தடிப்பு தடிப்பாக எழும்பி, அரிப்பு உயிரை வாங்கியது.

அவன் மனைவி ராமக்காள் அவனை டி.வி.எஸ்ஸில் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு கிளினிக்குக்குப் பறந்தாள். உள்ளறையில், மேசைக்குப் பின்னால் மூக்குக் கண்ணாடிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"குளவி கொட்டிடுச்சுங்க. தொண்டை அடைக்கிற மாதிரி இருக்குதுங்க" என்றான் மாயவன். செத்துவிடுவோமோ என்று நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

கண்ணாடிக்காரர் முகம் மலர்ந்தது. "எந்தக் குளவி? கால் மஞ்சளா? மஞ்சள்னா அது ஆசியாவுல இருந்து வெளிநாட்டுக்கெல்லாம் போய்ப் பரவுற சாதி."

"கொட்டுறப்ப காலை யாருங்க பாத்தாங்க?"

"பாத்திருக்கணுமே! சரி, ஒண்ணைப் புடிச்சிட்டு வர முடியுமா?"

"இவ்ளோ அக்கறையா எந்த டாக்டருங்க விசாரிக்கிறாங்க!" என்று நெகிழ்ந்த ராமக்காள், வண்டியைத் திருப்பினாள்.

மாயவன் ஹெல்மெட்டோடும் ஊறுகாய் பாட்டிலோடும் காட்டுக்குள் இறங்கினான். ஒரு குளவி பாட்டிலுக்குள் போனது. இன்னொன்று ஹெல்மெட்டுக்குள் போனது.

மறுபடி கிளினிக் வந்தபோது உதடு தனியாக முன்னால் வந்தது.

"மஞ்சள் காலேதான்!" கண்ணாடிக்காரர் பாட்டிலைக் கையில் வைத்துக் கொஞ்சினார். "கூடு எங்க இருக்கு? மரத்துலயா, மண்ணுலயா?"

ராமக்காள் தன் தம்பி மாதப்பனுக்கு வீடியோ கால் போட்டாள். அவன் காட்டோர மாமரத்தடிக்குப் போய், கூட்டுக்கு நேராகப் போனைத் தூக்கிப் பிடித்தான்.

"அய்யோ அக்கா, கொட்டிடுச்சு!"

"போனை ஆட்டாதீங்க, நல்லாத் தெரியுது" என்றார் கண்ணாடிக்காரர். "கொட்டின இடம் மட்டுந்தான வீங்குது?"

"ஆமாங்க!"

"பாத்தீங்களா! அவருக்கு வெறும் வீக்கம். இவருக்கு மட்டும் உடம்பு பூரா அலர்ஜி. அது ஏன்? என்ன ஒரு அதிசயம்!"

மாயவனுக்கு அறை சுற்றியது. மேசையைப் பிடித்துக்கொண்டான். ராமக்காளுக்கு இப்போதுதான் அழுகை வந்தது.

"அதிசயம் இருக்கட்டுங்க, ஊசியப் போடுங்க சாமி!"

"ஊசியா? நானா?" என்று அவர் திகைத்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு நர்ஸ் ஓடிவந்தாள்.

"வாத்தியார் சார், டாக்டர் வந்துட்டாரு, அவர் சேரை விட்டு எந்திரிங்க! மொதல்ல இந்த அண்ணனுக்கு ஊசி போடணும். உங்க டோக்கன் அடுத்தது."