மாதா கிரீடத்தில் வெள்ளி எங்கே?

"ஐயையோ, பாலாட்டம் ஆயிடுச்சே!" என்று அலறினார் கிரீடம் செய்த வேலு ஆசாரி.

வில்லியம் பதறவில்லை. வெள்ளீயம் உருக்கும் ஆலையில் உலோகம் சோதிப்பவர், தன் வீட்டு வாசல் முன்நடையான அஞ்சடியில் நாலு பேர் வேடிக்கை பார்க்கும்போது பதறினால் மதிப்பு என்னாவது? மாதா கோயில் கிரீடத்தில் ஆசாரி வெறும் செம்பை வைத்து வெள்ளிப் பூச்சுப் பூசிவிட்டார் என்று டத்தோ கிராமாட் வட்டாரம் முழுக்கப் பேச்சு. உண்மையைக் கண்டுபிடிக்கச் சொல்லி வில்லியமிடம் வந்திருந்தார் கோயில் கமிட்டித் தலைவர் ஆரோக்கியநாதன். கிரீடத்தை ஆழமாகச் சுரண்டி, தூளை அமிலத்தில் கரைத்தாயிற்று. அதில், ஆலையிலிருந்து சுத்தமான தண்ணீர் கொண்டுவந்து வைத்திருந்த போத்தலைச் சரித்ததும்தான் இப்படி வெளுத்துவிட்டது.

"சுத்தத் தண்ணிக்கு எதுவும் படியாது. இது வெறும் அழுக்குலா, ஆசாரி." போத்தலிலிருந்து இன்னும் தாராளமாக ஊற்றி வடிகட்டினார். வெள்ளைக் கசடு சாக்கடைக்குப் போயிற்று. "இப்பப் பாருங்க. உப்புத்தண்ணி விட்டா வெள்ளி மட்டும் கட்டியா அடியில படியும். செம்பு நீலமாக் கரைஞ்சே கெடக்கும்."

விட்டார். ஒன்றும் படியவில்லை. நீலத் தண்ணீர் நீலமாகவே இருந்தது.

"முழுக்கச் செம்பு!" என்று தீர்ப்புச் சொன்னார் வில்லியம்.

ஆசாரிக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி, இனிமே என் கடையில ஈ காக்கா நுழையாது. நல்ல வெள்ளின்னு தெரிஞ்ச ஒன்ன இதே மாதிரி சோதிச்சுக் காட்டுங்க!"

"என் ஜெபமாலையப் போடு. எங்கம்மா குடுத்தது, அசல் வெள்ளி," என்றார் ஆரோக்கியநாதன்.

அதைச் சுரண்டிக் கரைத்துத் தண்ணீர் ஊற்றியதும் அதுவும் பாலாக வெளுத்தது. அதையும் வில்லியம் சிரத்தையாக வடிகட்டினார். உப்புத்தண்ணீர் விட்டும் அதில் ஒன்றும் படியவில்லை.

"அண்ணே... இதுலயும் வெள்ளி இல்ல."

"எங்கம்மா போலிய வாங்கிக் குடுத்தாங்கன்னு சொல்றியா? நல்லா இருக்குடா ஒன் படிப்பு! கோயில் பக்கம் வந்து பாரு!"

வில்லியம் உள்ளே ஓடி, மனைவி சவுந்தரத்தின் கல்யாணக் கொலுசை எடுத்து வந்தார். மாமனார் நெஞ்சில் அடித்துச் சொன்ன வெள்ளி அது. அதுவாவது மானத்தைக் காப்பாற்றும் என்று நம்பினார். சுரண்டி, கரைத்து, தண்ணீர் ஊற்றி, வடிகட்டி, உப்புத்தண்ணீர் விட்டுக் காத்திருந்தார். துளிகூடப் படியவில்லை.

இதுவரை ஊரார் சண்டை. இப்போது சொந்த வயிறு எரிந்தது.

"சவுந்தரம்! ஒங்கப்பா என்னை நல்லா ஏமாத்திட்டாரு! செம்பக் குடுத்துப் பொண்ணைத் தள்ளி விட்டுட்டாரு!"

அஞ்சடியில் சிரிப்பு எழுந்தது. கையில் கரண்டியோடு வாசலுக்கு வந்தாள் சவுந்தரம்.

"எங்கப்பாவ ஒன்னும் சொல்லாதீங்க! நாலு பேரு முன்னால நீங்க ஜெயிக்கணுமேன்னு, காலையில அந்தப் போத்தல் தண்ணியக் கொட்டிட்டுக் கோயில் தீர்த்தத்த ரொப்பி வச்சதே நான்தான். அதுவும் சாமியார் என் கண்ணு முன்னாலயே கை நிறைய உப்பள்ளிப் போட்டு மந்திரிச்சது!"

வில்லியமின் பார்வை, வெள்ளைக் கசடெல்லாம் போன சாக்கடைக்கு ஓடியது.