எல்லார் சூரியனிலும் ஒரே புள்ளி

சூரியனைப் போட்டோ பிடித்து அதில் மனிதனின் கெட்ட காலத்தைக் காட்டுகிற மகான் ஒருவர் வந்திருக்கிறார் என்ற சேதி, காய்ச்சலைவிட வேகமாகப் பரவியது. அவருடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. ஜனங்கள் வைத்த பெயர் கிரகக்கண்ணார்.

கடைத்தெருவில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தின் மொட்டை மாடியில் அவருடைய ராஜ்ஜியம். தோள்பையில் தூக்கிப் போகக்கூடிய சின்னத் தொலைநோக்கி ஒன்று முக்காலியில் நின்றது. அதன் முகத்தில் வெயிலை மட்டுப்படுத்தும் கறுப்புத் தகடு, முதுகில் கேமரா, கேமராவிலிருந்து வயர், வயரின் முடிவில் பெரிய திரை. விஞ்ஞானத்துக்கு அங்கே குறைவே இல்லை. வந்தவர்கள் புத்தியை மட்டும் கீழ்ப்படியிலேயே கழற்றி வைத்துவிட்டு ஏறினார்கள்.

முக்காலியைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். 'க்ளிக்!' திரையில் செக்கச்செவேல் என்று சூரியன். அதில் ஒரு கறுப்புப் புள்ளி. "இதுதான் உங்க கண்டம்" என்பார். படம் அச்சாகிக் கவருக்குள் போகும், கவர் ஒட்டப்படும். "யார்கிட்டயும் காட்டாதீங்க. காட்டினா அவங்க கண்டமும் உங்களோட ஒட்டிக்கும்!" காட்டுவார்களா யாராவது?

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணின் அம்மாவும் ஒரு கவரோடு வந்து சேர்ந்தார். அம்மாவின் கழுத்தில் கட்டி. வியாழக்கிழமை ஆபரேஷன்.

"புள்ளி மறையுற வரைக்கும் உடம்புல கத்தி படக்கூடாதாம். ஆபரேஷன் வேண்டாம்."

"டாக்டர் தள்ளிப் போடக்கூடாதுன்னு சொன்னாரேம்மா!"

"அவர் பார்த்தது என் கழுத்தை. இவர் பார்த்தது சூரியனைடி."

மகள் அழுதும் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். அம்மா அசையவில்லை. கடைசியில் கவரைப் பிரித்தாள். பதவி உயர்வுக்காக அண்ணன் வாங்கி வைத்திருந்த கவரையும் பிரித்தாள். இரண்டு படங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். புள்ளிமேல் புள்ளி அச்சாக உட்கார்ந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போன வருஷம் அவளிடம் வந்த ஐந்து நோயாளிகளுக்கும் நெஞ்சில் ஒரே இடத்தில் ஒரே புள்ளி விழுந்தது. எக்ஸ்ரே தகட்டில் இருந்த அழுக்கைத் துடைத்தாள். ஐந்து பேரும் ஒரே நேரத்தில் குணமானார்கள்!

புதன் கிரகம் சூரியனைக் கடக்கும் நாள் வந்தது. "இன்னைக்கு எடுக்குற படத்துக்குப் பலன் பத்து மடங்கு" என்று கிரகக்கண்ணார் அறிவித்திருந்ததால், கூட்டம் படிக்கட்டு முழுக்கப் பிதுங்கியது. எக்ஸ்ரே பெண் அம்மாவை இழுத்துக்கொண்டு மேலே ஏறினாள்.

"எல்லாரும் கவரைப் பிரிங்க!"

"ஐயோ, ஒட்டிக்கும்!"

"எங்க அம்மா படமும் அண்ணன் படமும் மூணு நாளா ஒண்ணாத்தான் கிடக்கு. ரெண்டு பேரும் வேளை தவறாம சாப்பிடுறாங்க."

ஒரு தையல்காரம்மா முதலில் கிழித்தார். அடுத்து ஒரு பஸ் டிரைவர். பிறகு நாலாபக்கமும் 'சர் சர்' என்ற சத்தம். எல்லாப் படத்திலும் அதே இடத்தில் அதே புள்ளி.

கிரகக்கண்ணார் அசரவில்லை. "எல்லாருக்கும் சேர்ந்து ஒரே கண்டம் வரப்போகுது! அதைத்தான் காட்டுது!" என்று குரலை உயர்த்தினார். நாலு பேர் உடனே அழவும் ஆரம்பித்தார்கள். நம் ஜனங்களுக்கு அழச் சொல்லிக் கொடுக்க வேண்டுமா?

"அப்படியா ஐயா?" என்றபடி அவள் தொலைநோக்கியை எதிர்க் கட்டிடத்தின் வெள்ளைச் சுவர் பக்கம் திருப்பினாள். திருப்பிய பிறகு முன்தகட்டைக் கழற்றினாள். திரையில் மங்கலாகச் சுவர். நடுவே அதே புள்ளி.

"இந்தச் சுவருக்கும் கண்டமா?"

பஸ் டிரைவர்தான் முதலில் சிரித்தார்.

அவள் கேமராவைக் கழற்றி வெளிச்சத்தில் சாய்த்துக் காட்டினாள். உள்ளே கண்ணாடியில் ஊசிமுனையால் வைத்தது போல ஒரு மைப்பொட்டு. கையோடு கொண்டுவந்திருந்த, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் ஒரே துடைப்பு. முன்தகட்டை மறுபடி மாட்டிச் சூரியன் பக்கம் திருப்பினாள். கண்டத்தைக் காணோம்! சூரியனின் ஓரத்தில் மட்டும் கடுகைவிடச் சின்னதாக ஒன்று. பார்த்துக்கொண்டே இருந்தார்கள், அது மெல்ல மெல்ல உள்ளே நகர்ந்தது.

"இதுதான் புதன். அது பாட்டுக்குப் போகுது. யார் வீட்டு விஷயத்துலயும் தலையிட வரல."

மகானைத் தேடினார்கள். அவர் இரண்டு மாடி இறங்கியிருந்தார். மூன்றாவது மாடியை இறங்க டிரைவர் விடவில்லை.

அம்மா கழுத்தைத் தடவிக்கொண்டார். "வியாழக்கிழமை இன்னும் நமக்குத்தானே இருக்கு?" என்று மெதுவாகக் கேட்டார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். குறித்த நாளில் கட்டியை எடுத்தார்கள். எட்டாம் நாள் தையலும் பிரித்தாயிற்று.

ஆனால் அன்று மாடியில் நடந்த இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. கூட்டம் கலையும்போது, நன்றாக உடுத்திய பெரிய மனிதர் ஒருவர் திரையை உற்றுப் பார்த்தபடி அவள் பக்கத்தில் வந்தார்.

"எல்லாம் சரிம்மா. இந்தச் சின்னப் புள்ளி யாருக்கு?"

அவள் பஞ்சை அவர் கையில் வைத்தாள்.

"கேமராவை நான் துடைச்சுட்டேன் சார். மண்டையை அவங்கவங்கதான் துடைச்சுக்கணும்."