படகுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டால் போதும்

முந்தாநாள் அடித்த பச்சைப் பெயிண்டை நல்லகாமன் நகத்தால் லேசாகச் சுரண்டினார். உள்ளங்கை அகலத்துக்கு உரிந்து கையோடு வந்துவிட்டது. வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். முன்பக்கம் பச்சை, பின்பக்கம் அடிப்பூச்சாகக் கொடுத்த ரெட் ஆக்சைடு. உரிந்த இடத்தில் அலுமினியம் அப்போதுதான் குளித்துவிட்டு வந்த மாதிரி பளபளவென்று இருந்தது.

"எனக்குன்னு வந்து வாய்க்குது பாரு," என்றார். கேட்பதற்குக் கோழிகளைத் தவிர யாருமில்லை.

சின்னப் படகுதான். ரெண்டு பேர் உட்காரலாம், மூணாவது ஆள் ஏறினால் மூணு பேரும் நீந்த வேண்டியதுதான். கீழக்குயில்குடிப் பக்கத்தில் கண்மாய் மீன் குத்தகை எடுத்திருந்த காலம் பூராவும் நல்லகாமன் அதில்தான் போய் வலை விரித்தார். போன வருஷம் நெஞ்சுவலி வந்து ஆபரேஷன் ஆனது. இனிமேல் பாரம் தூக்கக் கூடாது, தண்ணீரில் இறங்கக் கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குத்தகை, தம்பி முறையாகும் பேயாண்டி கைக்குப் போனது. படகையும் அவனுக்கே தருவதாக நல்லகாமன் வாக்குக் கொடுத்தார். ஆனால் சும்மா தூக்கிக் கொடுக்கிற ஆள் இல்லை அவர். பழைய பெயிண்டைச் சுத்தமாக உரித்து, புதுசாக அடித்து, ஊர் பார்க்கும்படியாகத்தான் கொடுப்பார்.

அங்கேதான் வில்லங்கம் ஆரம்பித்தது. "படகுக்குப் பெயிண்ட் அடிச்சுக் குடுத்துட்டாப் போதும். அதோட என் சோலி முடிஞ்சது," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

வேறு வீட்டில் இதை வாய்ப்பேச்சு என்று விட்டுவிடலாம். அந்த வீட்டில் விட முடியாது. நல்லகாமனின் அப்பா கடைசி ஜோடி மாட்டை விற்றுக் கயிற்றைக் கையில் கொடுத்துவிட்டு, என் வேலை முடிந்தது என்று கட்டிலில் படுத்தவர், எழுந்திருக்கவே இல்லை. பெரியப்பா, கடைசி மகள் கல்யாணப் பந்தலைப் பிரித்த அன்றைக்குப் போய்ச் சேர்ந்தார். வேலை முடிந்தது என்று அந்த வீட்டு ஆம்பளைகள் சொல்லிவிட்டால் சொன்ன சொல் தவற மாட்டார்கள். என்ன வீம்போ தெரியவில்லை.

இவரும் தயாராகத்தான் இருந்தார். சாப்பாட்டில் ருசியில்லை. ரெண்டு வாய் தின்றுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் போட்டோகூட எடுத்து வைத்தாயிற்று. ஒரு கல்யாண வீட்டில் கூலிங்கிளாஸ் போட்டு நின்ற படம். மூஞ்சி தெரிய வேண்டாமா என்று அவர் சம்சாரம் பாண்டியம்மாள் கேட்டாள். கேட்டுவிட்டு அடுப்படிக்குள் போய்ச் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அது நல்லகாமன் காதில் விழுந்தது. விழுந்தும் மனசு அசையவில்லை. அந்தப் படகைத் தவிர அவருக்கு இந்த உலகத்தில் பாக்கி எதுவும் இல்லாமல் போயிருந்தது.

அந்தப் படகுதான் இப்போது தோலை உரித்துக்கொண்டு கிடக்கிறது.

பஸ் ஏறிச் செல்லூருக்குப் போனார். பெயிண்ட் கடை அழகுபாண்டி உரிந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அலுமினியத்தில் ரெட் ஆக்சைடு நிற்காது, அதற்கென்று தனி பிரைமர் இருக்கிறது என்றான். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று நல்லகாமன் எகிறினார். வீட்டுக் கேட்டுக்கு அடிக்கிறீர்கள் என்றுதான் நினைத்தேன் என்றான் அவன்.

திரும்ப முதலிலிருந்து. பெயிண்ட் ரிமூவரைத் தடவியதும் படகு முழுக்கக் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பியது. தகரத்தால் வழித்துப் போட்டார். மருந்து வழிந்து பக்கத்தில் கிடந்த பிளாஸ்டிக் சேர் காலில் இறங்கியதை அவர் கவனிக்கவில்லை. அக்கடா என்று உட்கார்ந்தார். சேர் நாலாபக்கமும் காலை விரித்துக்கொண்டு அவரை மண்ணில் இறக்கி வைத்தது. பாண்டியம்மாளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே ஓடி வந்து, நெஞ்சைத் தொட்டுப் பார்த்து, வலிக்கிறதா என்று கேட்டாள்.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கழுவிக் காயவைத்து, புதுப் பிரைமர் கொடுத்து, மேலே நீலம் அடித்தார். மறுநாள் பார்த்தால், அம்மை வந்து இறங்கிய மூஞ்சி மாதிரி படகு முழுக்கக் குழி. ஒவ்வொரு குழியிலும் அலுமினியம் எட்டிப் பார்த்தது. கையை வைத்தால் நீலம் சுருண்டுகொண்டு வந்தது.

"கண்ணுதாங்க பட்டிருக்கு," என்றாள் பாண்டியம்மாள். "ஒரு மாசம் கெடக்கட்டும். இப்ப என்ன அவசரம்?"

"அவசரம் எனக்குத்தான். எம்புட்டு நாளைக்கு இழுத்துக்கிட்டுக் கெடக்குறது?"

அவள் உள்ளே போனாள்.

நம் கைதான் சரியில்லை என்று முடிவுகட்டி, ஆட்டோவுக்குப் பெயிண்ட் அடிக்கும் வீரணனைக் கூட்டிவந்தார். வீரணன் கம்ப்ரசரோடு வந்தான். அதைப் போட்டதும் தெருவுக்கே கரண்ட் போனது. டிவி சீரியல் நின்றுபோன வீடுகளிலிருந்து வசவு வந்தது. கரண்ட் வந்ததும் வெள்ளைப் பெயிண்டைப் பீய்ச்சத் தொடங்கினான். மலைப் பக்கமிருந்து ஒரு காற்று அடித்தது. பாதி வெள்ளை படகுக்கு, மீதி அடுத்த வீட்டுச் சின்னச்சாமி கட்டிப்போட்டிருந்த கிடாவுக்கு.

சாதாரணக் கிடா என்றால் பரவாயில்லை. கருப்பசாமிக்கு நேர்ந்துவிட்ட கிடா. ஒரு வெள்ளை முடி இருக்கக் கூடாது என்று தேடிப் பிடித்து வாங்கிய சுத்தக் கருப்பு. அது இப்போது பாதி கருப்பும் பாதி வெள்ளையுமாக நின்று மே என்றது. சாமிக்கு என்ன பதில் சொல்வேன் என்று சின்னச்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான். நல்லகாமன் தேங்காய் எண்ணெயும் சோப்பும் போட்டுத் தேய்த்துப் பார்த்தார். படகில் ஒட்டாத பெயிண்ட் கிடாவில் கல் மாதிரி ஒட்டியிருந்தது. கடைசியில் சவரம்தான் செய்ய வேண்டியதாயிற்று. முடி முளைக்கிற வரைக்கும் கிடாவுக்குத் தீவனமும் அவர் பொறுப்பு என்று பஞ்சாயத்து முடிந்தது.

படகு வெள்ளையும் ரெண்டே நாளில் உரிந்தது. வீரணனை வரச் சொல்லி நடுத்தெருவில் நிறுத்தி, அன்று சாயங்காலம் வரை சண்டை போட்டார். சண்டை போட்ட பசியில் மொச்சைக் குழம்பை மூணு தடவை ஊற்றச் சொல்லி வாங்கிச் சாப்பிட்டார். விடிந்ததும் கிடாவுக்கு அகத்திக்கீரை ஒடிக்கப் போனார். ஊரில் ஒருத்தர் உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தபோது, "சாகுறதுக்கு எங்கய்யா நேரம் இருக்கு?" என்று எரிந்து விழுந்தார்.

ஆனாலும் பொழுது சாய்கிற நேரத்தில் படகுப் பக்கத்தில் உட்கார்ந்தால் மனசு கனத்துவிடும். கண்மாயையே ஆண்டவன், ஒரு படகுக்குப் பெயிண்ட் அடிக்க வக்கில்லாமல் போய்விட்டேனே என்று வெட்கமாக இருக்கும். ஒழுங்காகச் சாகக்கூடத் தனக்குக் கொடுப்பினை இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

மழை பெய்து கண்மாய் நிரம்பியது. பேயாண்டி மினி வேனோடு வந்து நின்றான். மீன்குஞ்சு விட வேண்டிய சமயம், பெயிண்ட் கிடந்தால் கிடக்கிறது, அப்படியே ஏற்றிக்கொண்டு போகிறேன் என்றான். நல்லகாமன் படகின் மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மணமா அனுப்பச் சொல்றியாடா?"

பேயாண்டிக்கும் பொறுமை போய்விட்டது. "வெள்ளிக்கெழம வரைக்கும் பாப்பேண்ணே. இல்லன்னா நான் புதுசா ஒரு பரிசல் வாங்கிக்கிறேன். இது எனக்கு வேணாம்."

பொங்கல் வரைக்கும் பொறுக்கக் கூடாதா என்று பாண்டியம்மாள் அவனிடம் கெஞ்சினாள். அவன் வேனைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். வெள்ளிக்கிழமை தவறினால் வாக்கும் போச்சு, படகும் பழைய இரும்புக் கடைக்குத்தான். நல்லகாமனுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த நிமிஷமே கோபம் வந்தது. உரிந்த துண்டுகளையெல்லாம் மஞ்சப்பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு செல்லூர் பஸ் ஏறினார்.

கடை இருக்கிற சந்து முழுக்கத் தறிச் சத்தம். கத்தினால்தான் காது கேட்கும். நல்லகாமன் பையைக் கண்ணாடி மேசை மேல் கவிழ்த்து, பச்சை, நீலம், வெள்ளை என்று பரப்பிவிட்டுக் கத்தினார். கலப்படப் பிரைமரை விற்று ஒரு மனுசனை நிம்மதியாகச் சாக விடாமல் பண்ணுகிறாய், தல்லாகுளத்தில் நல்ல வக்கீலாகப் பார்த்துக் கோர்ட்டுக்கு இழுக்காமல் விடமாட்டேன் என்றார்.

அழகுபாண்டி வழக்கமாக வாயாடி. இன்றைக்கு என்னவோ மேலே ஃபேனைப் பார்த்தான், கீழே தரையைப் பார்த்தான். விடுங்கண்ணே, வேறு டப்பா தருகிறேன், காசு வேண்டாம் என்று முனகினான். தப்பு செய்யாதவன் எதற்குச் சும்மா கொடுக்கிறான் என்று நல்லகாமன் இன்னும் சத்தத்தைக் கூட்டினார். சந்தில் ஆள் கூடியது.

பில் போடும் அஸ்வினிக்குத்தான் பொறுக்கவில்லை. அழகுபாண்டி கண்ணைக் காட்டியும் அவள் நிறுத்தவில்லை.

"எங்க பிரைமர் மேல பழி போடாதீங்கய்யா. பெயிண்ட் ஒட்டக் கூடாதுன்னு படகுல தடவ, ஒவ்வொரு தடவையும் உங்க வீட்டம்மாதான் இங்க வந்து தையல் மெஷின் எண்ணெ வாங்கிட்டுப் போறாங்க. வேல முடிஞ்சா நீங்க செத்துருவீங்களாம்ல."