உங்கள் கோப்பு பிழைத்துவிட்டது

சம்பளம் வாங்கிச் செய்கிற வேலையில் வராத திமிர், சும்மா செய்கிற வேலையில் வந்துவிடும். பம்பலப்பிட்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் பகல் முழுக்க வாய் திறக்காமல் இருப்பேன். பின்னேரம் வெள்ளவத்தைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தேனோ, உலகத் தமிழருக்கெல்லாம் நான்தான் பிரதிநிதி. (சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.)

கடிதம், அழைப்பிதழ் எல்லாம் தட்டச்சு செய்கிற ஒரு திறந்த மூல மென்பொருள் அது. யாரும் இலவசமாகப் பாவிக்கலாம், யாரும் உள்ளே புகுந்து திருத்தலாம். பல நாட்டு ஆட்கள் ஓய்வு நேரத்தில் சேர்ந்து செய்வது. அதன் தமிழில் ஒரு எழுத்துப் பிழையைக் கண்டுவிட்டு, பொறுக்கமாட்டாமல் ஒரு குறிப்பு எழுதிப் போட்டேன். பொறுப்பாக இருந்த இங்கிரிட் என்ற நோர்வேக்காரி நன்றி சொல்லிவிட்டு, தமிழ்க் குழுவில் சேர விருப்பமா என்று கேட்டாள். கரும்பு தின்னக் கூலியா? பாய்ந்து சேர்ந்தேன். சேர்ந்து பார்த்தால் குழுவில் வேறு ஒரு சீவனும் இல்லை. தலைவியும் நான், தொண்டரும் நான்.

அங்கே ஒரு நல்ல விதி இருந்தது. ஒருவர் மொழிபெயர்த்ததை இன்னொருவர் வாசித்துச் சரி சொல்லவேண்டும். இன்னொருவருக்கு நான் எங்கே போவது? அடுப்படியில் நின்ற அம்மாவைக் கூப்பிட்டு, அவர் பெயரிலும் ஒரு கணக்குத் திறந்தேன்.

அம்மா சும்மா தலையாட்டுகிற ஆள் இல்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு சொல்லாக வாசித்தார். பொத்தான்களில் நான் 'ஆம்' என்று எழுதியிருந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"ஆம் எண்டு ஆர் பிள்ளை கதைக்கிறது? ரேடியோவில செய்தி வாசிக்கிற மாதிரிக் கிடக்கு. ஓம் எண்டு போடு."

போட்டேன். மென்பொருள் முழுக்க 'ஓம்' ஆயிற்று. பிறகு, சேமிக்கும்போது ஏதாவது கெட்டுப்போனால் வருகிற எச்சரிக்கை. அதற்கு 'உங்கள் கோப்பு பிழைத்துவிட்டது' என்று எழுதினேன். எங்கள் வீட்டில் கணக்குப் பிழைக்கும், கறி பிழைக்கும், சோதனை பிழைக்கும். பிழைத்தால் கெட்டது என்று அர்த்தம். அம்மா வாசித்தார், வடிவான தமிழ் என்றார், சரி என்ற பொத்தானை அழுத்தினார்.

புதிய பதிப்பு வெளிவந்தது. அதைக் கொண்டாட ஒரு சனிக்கிழமை மத்தியானம் இணையவழிக் கூட்டம் வைத்தார்கள். அதில்தான் தமிழ்க் குழுவை நிரந்தரமாக என் பொறுப்பில் விடுவதா இல்லையா என்று அறிவிப்பார்கள். விட்டால், மென்பொருளின் நன்றிப் பக்கத்தில் என் பெயர் ஏறும். அந்த ஒரு வரிக்காக மாதக்கணக்காகத் தவம் கிடந்தேன். அம்மா எங்கள் தொடர்மாடி முழுக்கச் சொல்லிவிட்டு, சேலை உடுத்து, பவுடர் பூசி, என் முதுகுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்துவிட்டார்.

கூட்டத்துக்குக் கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்திருந்தார். சண்முகம் என்று பெயர், நெற்றி நிறையத் திருநீறு, தோளில் துண்டு. நன்றி சொல்ல வந்திருக்கிறார் என்று நினைத்த இங்கிரிட், தமிழிலேயே பேசுங்கள், எங்கள் தமிழ்க் குழுத் தலைவி எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொல்லுவாள் என்று என்னைக் காட்டினாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ரொம்ப பக்தியான சாஃப்ட்வேரும்மா," என்று தொடங்கினார். "எங்க கோயில் கும்பாபிஷேகப் பத்திரிகைய ஒரு வாரமா உக்காந்து அடிச்சேன். சேமிக்கப் போனா, 'உங்கள் கோப்பு பிழைத்துவிட்டது'ன்னு வந்துச்சு. அப்பாடா, ஏதோ ஆபத்துலேர்ந்து தப்பிச்சிருக்குன்னு கும்பிட்டேன். கீழ 'மூடலாமா'ன்னு கேட்டு, ஓம்னு போட்டிருந்துச்சு. நானும் வாய்விட்டு ஓம்னு சொல்லி அமுக்கினேன். எல்லாம் போயிருச்சும்மா. இன்னிக்கு சாயங்காலம் அச்சகத்துல குடுக்கணும்."

அவர்கள் ஊரில் பிழைத்தால் உயிர் தப்பியது என்று அர்த்தம். இது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து இந்தியப் படம் பார்க்கிறவள் நான். ஆனால் எழுதும்போது என் மண்டையில் வெள்ளவத்தை மட்டும்தான் இருந்தது.

திரையில் எல்லா முகங்களும் என்னைப் பார்த்தபடி இருந்தன. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எங்கள் மென்பொருள் மிகவும் பக்தியானது என்கிறார் என்று ஆங்கிலத்தில் சொன்னேன். எல்லோரும் கைதட்டினார்கள். தன் கஷ்டம் விளங்கிவிட்டது என்று நினைத்து, சண்முகம் ஐயாவும் கும்பிட்டார். அந்தக் கும்பிடு என்னைக் கொன்றது. இருந்தும் நான் திருத்திச் சொல்லவில்லை. சொன்னால் என் வரி போய்விடும்.

அப்போது அம்மா என் தோளுக்கு மேலால் எட்டி, கமராவுக்குள் மூக்கை விட்டு, தனக்குத் தெரிந்த ஆங்கிலம் முழுவதையும் ஒரே மூச்சில் கொட்டினார்.

"மை டோட்டர் ரைட்டிங். மீ ஓகேயிங். ஃபைல் டெட்."

அதற்குப் பிறகு நான் எல்லாவற்றையும் ஒழுங்காகச் சொன்னேன். சரி பார்த்தது யார் என்று இங்கிரிட் கேட்டாள். பின்னால் சேலையோடு இருந்தவரைக் காட்டினேன். இங்கிரிட் சிரிப்பை அடக்கமுடியாமல் தன் கமராவை நிறுத்திவிட்டாள். எனக்கோ நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

கூட்டம் முடிந்ததும் சண்முகம் ஐயாவைத் தொலைபேசியில் பிடித்தேன். அவர் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல, நான் அடித்தேன். ஒவ்வொரு சொல்லுக்கும், ஐயா, இது உங்கள் ஊரில் நல்ல சொல்தானே என்று கேட்டு உயிரை எடுத்தேன். மனிதர் ஒருமுறைகூடச் சினக்கவில்லை. விளக்கு வைக்கிற நேரம் பத்திரிகை அச்சகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கு நான் அம்மாவைக் கட்டிப்பிடித்து அழுதேன்.

இங்கிரிட் என்னை நீக்கவில்லை. பெயரும் ஏறியது. ஆனால் ஒரு நிபந்தனை: என் மொழிபெயர்ப்பைச் சரி பார்ப்பவர் கடலுக்கு அந்தப் பக்கத்தில் இருக்கவேண்டும். அந்தப் பதவி சண்முகம் ஐயாவுக்குப் போனது. அம்மா பதவி இழந்தார். (நோர்வேக்காரி தன்மேல் பொறாமைப்பட்டாள் என்று இன்றைக்கும் சாதிக்கிறார்.)

போன வருடம் பெரியப்பாவுக்குச் சென்னையில் இருதயச் சத்திரசிகிச்சை. மகன் அவரோடு போயிருந்தான். இங்கே பெரியம்மா பச்சைத்தண்ணீர் குடிக்காமல் எங்கள் வீட்டில் இருந்தார். ஒருவழியாக மகனின் போனிலிருந்து மருத்துவரே அழைத்தார்; எல்லோருக்கும் கேட்கும்படி போட்டேன். "பொழைச்சுட்டாரும்மா," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனைக் கையால் பொத்திப் பிடித்தார்.

"பொறு பிள்ளை. எந்த நாட்டுப் பிழை எண்டு கேள்."

கேட்டேன். (வேறு என்ன செய்வது, பெரியம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.) மருத்துவர் மெதுவாக, சொல் சொல்லாக, "உயிரோட இருக்காரும்மா," என்றார். அதற்குப் பிறகுதான் பெரியம்மா அழத் தொடங்கினார்.

இப்போது யார் சுகம் விசாரிக்க வந்தாலும், பெரியப்பா சட்டையை விலக்கித் தழும்பைக் காட்டிச் சொல்லுவார்: "நான் இந்திய முறைப்படி பிழைச்சனான்."